மரபணுக் கோளாறு என்றால் பரம்பரை நோயா? ரத்தப் புற்றுநோயும் ஜேனட் ரவுலியின் ஆய்வும்

"மரபணுவில் கோளாறு" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அப்ப பிள்ளைங்களுக்கும் வருமா டாக்டர்?" கேட்பதில் தவறில்லை. மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் காணப்படும் மரபணு மாற்றம் தாய் தந்தையிடமிருந்து வந்தது அல்ல. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே ஒரு ரத்தத் தாய்செல்லில் வாழ்நாளின் நடுவே நேர்ந்தது அது. அந்தச் செல் பெருகப் பெருக அதுவும் பெருகியது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அது இருக்காது. பிள்ளைகளுக்குப் போகாது.

இதை இன்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களை உற்றுப் பார்த்தவர்களின் உழைப்பே காரணம். 1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் வெள்ளணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. குறைந்துபோன துண்டு எங்கே போனது? அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் காலச் சாயத்தில் குரோமோசோம் முழுதும் ஒரே நிறமாகத் தெரியும். 6 முதல் 12 வரையிலான குரோமோசோம்களைத் தனித்தனியே பிரித்தறிவதே பெரும்பாடு. அவற்றில் ஒன்றின் நுனி சற்று நீண்டிருந்தால் யார் கண்ணுக்குப் படும்?

கண்ணில் பட்டது ஜேனட் ரவுலிக்கு. 1948இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர், நான்கு மகன்களை வளர்த்தபடி பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே பணிசெய்தார். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், 1959இல், அந்நிலைக்குக் காரணம் கூடுதலான ஒரு 21ஆம் குரோமோசோம் என்று தெரியவந்தது. அதுவே அவரைக் குரோமோசோம் பக்கம் இழுத்தது. கணவரின் பணி காரணமாக ஆக்ஸ்ஃபோர்டில் தங்க நேர்ந்த இரு முறையும் அவர் புதிய ஆய்வுமுறைகளைக் கற்றுக்கொண்டார். இரண்டாம் முறை கற்றது குயினாக்ரின் சாயம் ஏற்றி, ஒளிரும் பட்டைகளைப் படமெடுக்கும் முறை. பட்டைகள் தெரிந்தால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி முகம் வந்துவிடுகிறது. சிகாகோ திரும்பி, அந்தப் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜோடி சேர்த்துப் பார்த்தார். 1972இல், கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அடுத்து, பிலடெல்ஃபியா குரோமோசோமில் காணாமல்போன துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருப்பதைக் கண்டு 1973இல் வெளியிட்டார். 1977இல் புரோமைலோசைடிக் என்ற ரத்தப் புற்றுநோய் வகையில் 15ஆம் குரோமோசோமுக்கும் 17ஆம் குரோமோசோமுக்கும் நடக்கும் இடமாற்றம். குரோமோசோம் மாற்றம் புற்றுநோயின் விளைவே தவிரக் காரணம் அல்ல என்று பலர் நம்பிய காலம் அது. ஒரே வகை நோயில் ஒரே இடமாற்றம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டித்தான் அவர் அந்த எண்ணத்தை மாற்றினார்.

குட்டையாகத் தெரிந்த பிலடெல்ஃபியா குரோமோசோம் உண்மையில் 22ஆம் குரோமோசோம். 9இல் உள்ள ஏபிஎல் மரபணு 22இல் உள்ள பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும்போது, எந்நேரமும் "பெருகு, பெருகு" என்று ஏவும் ஒரு நொதி உருவாகிறது. அந்த நொதிக்கு ஆற்றல் தரும் ஏடிபி வந்து அமரும் குழியை அடைத்துக்கொள்வதுதான் இமாடினிப் மாத்திரை. அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்றது. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மரபணுவின் பெயரும் அதை அளக்கும் சோதனையின் பெயரும் தமிழில் ஒரே மாதிரி "பிசிஆர்" என்றே ஒலிக்கின்றன, இரண்டும் வேறுவேறு.

இனி, இந்த நோய்களுக்கான சோதனை அறிக்கை எங்கே தவறுகிறது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான தவறுகள் குழாயிலேயே தொடங்குகின்றன. குரோமோசோம் பார்க்கும் காரியோடைப் சோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும். ஆகவே மஜ்ஜை மாதிரி சோடியம் ஹெப்பாரின் இட்ட குழாயில், வழக்கமாகப் பச்சை மூடியில், போக வேண்டும். குளிரில் உறையவிட்டால் செல் செத்துவிடும். பிசிஆர் சோதனைக்கு ஊதா மூடி, ஈடிடிஏ குழாய். ஹெப்பாரின் அந்த வினையையே தடுத்துவிடும். அதில் அளக்கப்படும் ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) வேகமாகச் சிதையக்கூடியது என்பதால் ஓரிரு நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஊசியில் முதலில் வரும் சில மில்லிலிட்டரில்தான் மஜ்ஜைச் செல்கள் அடர்த்தியாக இருக்கும். பிறகு வருவதில் ரத்தம் கலந்துவிடும்.

ஆய்வகத்தில் செல்களை வளர்த்து, கோல்செமிட் கொண்டு பிரியும் கட்டத்தில் நிறுத்தி, 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் உப்பவைத்து, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்துவார்கள். வழக்கமாக 20 செல்களை எண்ணிப் பார்ப்பார்கள். செல் வளராமல் போவதும் உண்டு. "வளர்ச்சி இல்லை" என்று வந்த அறிக்கையை "நார்மல்" என்று படிப்பது ஆபத்தான பிழை. அப்போது, பிரியாத செல்களிலும் பார்க்கக்கூடிய ஃபிஷ் சோதனை கைகொடுக்கும். ஆனால் எந்த மாற்றத்தைத் தேடச் சொன்னோமோ அதை மட்டுமே அது காட்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒட்டிய மரபணு எல்லோரிடமும் ஒரே இடத்தில் உடைவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு பி210 என்ற வடிவம். சிலருக்கு பி190, பி230. வழக்கமான அளவைச் சோதனை பி210க்காக அமைந்தது. வேறு வடிவம் உள்ளவரின் ரத்தத்தை அதில் போட்டால், உடம்பெல்லாம் நோய் இருக்கும்போதே "கண்டறியப்படவில்லை" என்று வரும்! சிகிச்சை தொடங்கும் முன்பே வடிவத்தைக் கண்டறிந்து எழுதிவைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒட்டிய மரபணுவின் அளவாக பிசிஆர் அறிக்கையில் வரும் சதவீதம் பன்னாட்டு அளவுகோலில் சொல்லப்படுவது. அதில் 100 என்பது அந்த நோயாளியின் தொடக்க அளவு அல்ல, பொதுவாக நிர்ணயித்த தொடக்கப் புள்ளி. சிகிச்சையின் மூன்றாம் மாதம் 10 அல்லது அதற்குக் கீழ், ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1 என்பது எதிர்பார்ப்பு. ஒரு முறை சற்று ஏறியதற்காகக் கலங்க வேண்டாம். ஆய்வகம் மாறினாலே எண் மாறும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். மாதிரியின் தரத்தையும் பாருங்கள்: ஒப்பிடுவதற்காகக் கூடவே அளக்கும் மரபணுவின் பிரதிகள் 10,000க்குக் குறைவாக இருந்தால், 0.01க்குக் கீழே இறங்கியதாகச் சொல்ல அந்த மாதிரி போதாது.

எண் உண்மையாகவே ஏறினால், முதலில் கேட்க வேண்டியது மாத்திரையைப் பற்றி. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாதத்தில் நான்கைந்து நாள் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். திட்டாமல் கேட்டால்தான் பதில் வரும். மறந்த நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு விழுங்கக் கூடாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இமாடினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு கூட்டிவிடும். இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏறினால், நொதியிலேயே புதிய மாற்றம் வந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இமாடினிப் குழிக்குள் அமர முடியாது. மருந்தை மாற்றியே ஆக வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.

15க்கும் 17க்கும் இடமாற்றம் உள்ள புரோமைலோசைடிக் வகையில் அறிக்கைக்காகக் காத்திருப்பதே தவறு. அதில் நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே கொல்வது மூளையிலோ நுரையீரலிலோ ஏற்படும் ரத்தக்கசிவு. ஈறில் கசிவு, காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், ரத்தப் படலத்தில் ஐயத்துக்குரிய செல்கள் என்றால் அன்றே ட்ரெடினாய்ன் என்ற மருந்தைத் தொடங்குவார்கள். மரபணு அறிக்கை பின்னால் வந்து உறுதிசெய்யும். தொடக்க நாட்களைத் தாண்டிவிட்டால், ஆர்செனிக் ட்ரையாக்சைடும் சேர, இன்று மிக நன்றாகக் குணமாகும் ரத்தப் புற்றுநோய்களில் இது ஒன்று.

முதல் கேள்விக்கு ஒரு விலக்கும் உண்டு. ரன்எக்ஸ்1, டிடிஎக்ஸ்41 போன்ற மரபணுக்களின் மாற்றம் சில குடும்பங்களில் உண்மையிலேயே வழிவழியாக வருகிறது. நெருங்கிய உறவினர் இருவருக்கு ரத்தப் புற்றுநோய், அல்லது குடும்பத்தில் பலருக்கு நெடுநாளாகத் தட்டணுக் குறைவு என்றால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இதை ரத்தத்தில் சோதித்துப் பயனில்லை, ரத்தமே நோயுற்றிருப்பதால். எச்சிலிலும் வெள்ளணு கலந்திருக்கும். தோலில் சிறு துண்டு எடுத்து செல் வளர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அண்ணனோ தங்கையோ தானம் தர முன்வந்தால், அவரிடமும் அந்த மாற்றம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்; நலமாக இருப்பவரின் மஜ்ஜையிலும் அது ஒளிந்திருக்கலாம்.