கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கிய படகு

சென்ற வருடம் சோழகக் காற்று ஓயும் காலத்தில், யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கிலிருந்து ஓர் இளைஞர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய 18½ அடிப் பைபர் (கண்ணாடியிழை) படகொன்றுடன் எங்கள் பட்டறைக்கு வந்தார். அதை வாங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பெயின்ற் அடித்து, முன்பக்க அணியத்தில் மாதா படமும் வரைந்திருந்த அந்தப் படகை மேலோட்டமாகப் பார்த்த எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "எஞ்சினை முறுக்கினால் பின்பக்கம் அதிருது அண்ணை" என்றார். எஞ்சினைக் கழற்றாமலே அதன் காலைப் பிடித்து மேலும் கீழுமாக ஒரு தரம் அசைத்தேன். எஞ்சினோடு சேர்ந்து, அதைப் பூட்டியிருந்த பின்பலகையும் அசைந்தது. அன்று மாலை உட்புறப் பைபரை வெட்டித் திறந்தபோது, உள்ளே இருந்த பிளைவூட் ஊறிய பனம் பினாட்டைப் போலக் கறுத்து, விரலால் கிள்ளக்கூடிய பதத்தில் வந்தது. பின்பலகை முழுவதையும் மாற்ற ஒன்பது நாள் பிடித்தது. செலவு, படகுக்குக் கொடுத்த விலையில் ஏறத்தாழ கால்வாசி. அக்காவின் காப்புகளை ஈடு வைத்து வாங்கிய படகு அது.

வாங்குமுன் கவிழ்த்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "மாமாட்டைப் போய்ப் படகைப் பிரட்டிக் காட்டுங்கோ எண்டு எப்பிடி அண்ணை கேக்கிறது?" என்றார்.

கண்ணாடியிழை வேலைக்கு நான் வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பழைய படகு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் அந்நியரிடம் ஏமாந்தவர்கள் அல்லர். மாமனிடமோ, பக்கத்து வாடிக்காரரிடமோ, தகப்பனாரோடு ஒன்றாகத் தொழில் செய்தவரிடமோ முகதாட்சண்யத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள். விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. பின்பலகைக்குள் என்ன நடக்கிறது என்பது பல வேளைகளில் அவருக்கும் தெரியாது. ஆகவே முற்பணம் கைமாறுவதற்கு முன்பே, "வலையை எல்லாம் இறக்கிவிட்டு, ஒரு நாள் படகைக் காய விட்டு, கவிழ்த்துப் பார்ப்போம் மாமா" என்று சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. வாங்கிய பிறகு கேட்டால்தான் அது குற்றச்சாட்டாகிறது.

படகைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எந்தக் கரையில் ஓடிய படகு? குருநகர், நாவாந்துறை, காக்கைதீவுப் பக்கம் களப்புக்குள் ஓடிய படகு ஆழமற்ற சேற்றிலும் மணலிலும் உரசி உரசி அடிப்பக்கம் மெலிந்திருக்கும். எஞ்சினுக்குள் குளிர்நீரை இழுக்கும் பம்பும் சேற்றைக் குடித்துத் தேய்ந்திருக்கும். மயிலிட்டி, வல்வெட்டித்துறை போன்ற வடகரையில் ஓடியதானால் முருகைக்கல்லில் (பவளப் பாறையில்) அடிபட்ட காயங்களைத் தேட வேண்டும். கட்டைக்காடு, தாளையடிப் பக்கம் அலையை உடைத்துக்கொண்டு இறங்கி, மணலில் இழுத்து ஏற்றப்பட்ட படகில், அடியின் நடுவே நீளமாக ஓடும் ஏரா தேய்ந்திருக்கும். அணியத்தின் அடிப்பாகம் அலையில் குத்திக் குத்திக் களைத்திருக்கும். ஒரே வயதுடைய மூன்று படகுகள் மூன்று கரைகளில் மூன்று விதமாக முதுமை அடைகின்றன. இதை அறியாமல் எல்லாப் படகையும் ஒரே மாதிரிப் பார்ப்பவர் பாதியைத் தவற விடுவார்.

அடுத்து, அது எவ்வளவு காலம் ஓடாமல் கிடந்தது என்று கேளுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது எத்தனையோ படகுகள் கரையேறின; அவற்றுள் சில, மூடாமல் நிமிர்ந்தபடியே மாரிகளைக் கண்டன. கடல் நீர் படுவதால்தான் பலகை அழுகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். உப்பு மரத்தை ஓரளவு காப்பாற்றும்; தேங்கி நிற்கும் மழைநீர்தான் பூஞ்சணம் பிடிக்க வைத்து அழுகச் செய்யும். தினமும் கடலுக்குப் போன பத்து வருடப் படகு, இரண்டு வருடம் கிணற்றடியில் மழை குடித்துக் கிடந்த ஐந்து வருடப் படகைவிட நல்ல நிலையில் இருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

சுனாமிக்குப் பின் கிடைத்த படகு என்று சொன்னால் கூடுதலாக ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். 2004 டிசம்பருக்குப் பின்னர் அவசரத்தில் வார்க்கப்பட்ட படகுகளுள் தரமற்றவையும் கலந்திருந்தன; ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே இது பற்றி அப்போது எச்சரித்தது. அந்தக் காலத்துப் படகுகளில் நன்றாக வார்க்கப்பட்டவை இன்றும் தொழிலுக்குப் போகின்றன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இனிப் பின்பலகைக்கு வருவோம். எஞ்சினின் முழு எடையும், அது தள்ளும் விசையும் படகுக்குள் இறங்கும் இடம் இதுதான். வெளியிலும் உள்ளிலும் பைபர், நடுவில் பிளைவூட் என்ற அமைப்பில், எஞ்சினைப் பூட்டும் திருகாணி பதிந்த பள்ளங்கள் வழியாகவும், பின்னால் போட்ட ஆணித் துளைகள் வழியாகவும், தண்ணீர் போக்கும் துளையின் விளிம்பு வழியாகவும் ஈரம் உள்ளே போகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வருவதற்கு வழி இல்லை. முன்னே சொன்னது போல எஞ்சின் காலைப் பிடித்து அசைத்துப் பார்ப்பது முதல் சோதனை. திருப்புளியின் பிடியால் பலகையை மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வருவது அடுத்தது. தேங்காயைத் தட்டி முற்றலையும் அழுகலையும் பிரிக்கத் தெரிந்தவருக்கு இதில் பயிற்சி தேவையில்லை: நல்ல இடம் கணீரென்று கேட்கும், நைந்த இடம் பொத்தென்று அடங்கும். ஐயம் தீராவிட்டால், விற்பவரின் சம்மதத்தோடு உட்புறத்தில், அடிக்குச் சற்று மேலே, 5 மில்லிமீற்றர்த் துளை ஒன்று போடுங்கள். துருவிய தூள் உலர்ந்து மர நிறத்தில் வந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாகப் புரிமுனையில் ஒட்டிக்கொண்டு வந்தால் விலையைப் பற்றி மீண்டும் பேச வேண்டும். துளையை ரெசின் விட்டு அன்றே அடைத்துவிடலாம். துளை போட வேண்டாம் என்று தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. ஆனால் அந்தத் தடையும் உங்களுக்கு ஒரு செய்தியே.

அதே தட்டுதலை அடிப்பக்கம் முழுவதற்கும் செய்ய வேண்டும். அதற்காகத்தான் கவிழ்க்கச் சொல்கிறேன். இதில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பத்து வருடங்களுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மழையில், தெரிந்த ஒருவர் நாவாந்துறையில் படகு பார்க்கக் கூட்டிச் சென்றார். உள்ளே வலை நிறைந்து கிடந்தது, மழையும் விடவில்லை. மேலே பார்த்துவிட்டு நல்ல படகு என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். ஏரா தேய்ந்து, இழை தெரிந்து, தண்ணீர் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் இறைத்த வாளியை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை.

கவிழ்த்த அடிப்பக்கத்தில் காண்பவை எல்லாம் ஆபத்தானவை அல்ல. கையால் தடவும்போது வெள்ளை மாவு ஒட்டுகிறதென்றால் வெயிலில் மேற்பூச்சு பொரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலந்தி வலை போல ஒரு புள்ளியிலிருந்து விரியும் வெடிப்பு, அங்கே ஏதோ ஒன்று இடித்திருப்பதைக் காட்டுகிறது. உட்புறத்தில் அதே இடத்தைத் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறாவிட்டால் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்ற காயம். ஆனால் ஒரே திசையில், உள்ளே படகைத் தாங்கும் குறுக்குக் கால்களின் ஓரத்தை ஒட்டி நீளமாக ஓடும் வெடிப்புகளைக் கண்டால் தயங்குங்கள். படகின் உடல் அலையில் வளைந்து கொடுக்கிறது, தாங்கும் கால்கள் விட்டுவிட்டன என்பதன் அடையாளம் அது. துறையில் எப்போதும் மிதந்தபடி கட்டப்பட்டிருந்த படகுகளில் அம்மைக் கொப்புளம் போன்ற வீக்கங்கள் இருக்கலாம். ஒன்றை ஆணியால் குத்தினால் புளித்த வினாகிரி மணத்தோடு நீர் வரும். குத்தும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், அந்த நீர் கண்ணில் படக்கூடாது. இரண்டு மூன்று கொப்புளங்களைச் சுரண்டி உலர்த்தி அடைக்கலாம். அடி முழுவதும் இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

பழுது பார்த்த படகு கெட்ட படகு அல்ல. எப்படிப் பழுது பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. 5 மில்லிமீற்றர் கனமுள்ள உடம்பில் ஓட்டை விழுந்தால், அதைச் சுற்றிலும் கனத்தின் 12 மடங்கு, அதாவது 6 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நன்றாகக் காய வைத்து, அதன் பின்னரே கண்ணாடியிழையை அடுக்க வேண்டும். அவசரக்காரர் பெயின்றின் மேலேயே ஒரு துண்டை ஒட்டிப் புட்டி பூசி மறைத்துவிடுவார். அது ஒரு வாடைக் காலத்தோடு உரிந்து வரும். இதைக் கண்டுபிடிக்க உட்புறமே உதவும், ஏனெனில் பல படகுகளில் உள்ளே இழையின் பின்னல் கண்ணுக்குத் தெரியும், புதுத் துண்டு வேறு நிறத்தில் நிற்கும். உட்புறத்துக்கும் அண்மையில் பெயின்ற் அடித்திருந்தால், ஏன் அடித்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இருக்கைப் பெட்டிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படகு நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பதற்காக அவற்றுக்குள் நுரை அடைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் வெடிப்பு விழுந்தால் அந்த நுரை ஆண்டுக்கணக்கில் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும். பழைய உரிமையாளரிடம் முன்பு எத்தனை பேர் தூக்கினார்கள் என்று விசாரியுங்கள். ஆறு பேர் தூக்கிய படகுக்கு இன்று எட்டுப் பேர் வேண்டியிருந்தால், அந்த இரண்டு பேரின் பாரம் எங்கோ உள்ளே இருக்கிறது.

எஞ்சின் எனது தொழில் அல்ல. அதற்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஆயினும் சிலவற்றை எவரும் பார்க்கலாம். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்புங்கள், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுவைக்குப் பிடிக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலில் சிறிது ஓட்ட வேண்டும். இதில் சோம்பல்பட்டவரின் எஞ்சின் காலையில் முரண்டு பிடிக்கும், பிளக்கில் கரி படிந்திருக்கும். கீழ்க்காலின் கியர் ஒயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள்: பால் தேநீர் போல வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நமது கடலில் அதற்கு வழக்கமான காரணம், புரொப்பெல்லரின் தண்டில் தங்கூசி (நைலோன் நூல்) சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்திருப்பது. இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் மெக்கானிக் அளந்து சொல்வார். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செலவு காத்திருக்கிறது. எஞ்சின் தொடரிலக்கத் தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பத்திரங்களிலும் குடும்பப் படகுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தகப்பனார் இறந்து ஐந்தாறு வருடங்களாகியும் படகு அவர் பெயரிலேயே இருக்கும். மூத்த மகன் விற்பார், வெளிநாட்டிலுள்ள தம்பி பிறகு உரிமை கேட்பார். உரித்துள்ள எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ்ப் படகுப் பதிவும் தொழில் அனுமதியும் தேவை என்பதால், அணியத்தில் எழுதிய இலக்கமும் பதிவுப் புத்தகத்தின் இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, விற்பவரையும் கூட்டிக்கொண்டே கடற்றொழில் பரிசோதகரிடம் செல்லுங்கள். உதவித் திட்டத்தில் வந்த படகா, லீசிங் நிலுவை உண்டா என்பதை ஊர்ச் சங்கத்தில் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று கடலடியில் வலையை இழுத்து மீன்பிடிக்கும் இழுவைமடிப் படகு வாங்க நினைப்பவர்கள், அந்தத் தொழில் 2017 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருப்பதை நினைவில் கொள்ளட்டும்.

எல்லாம் சரியென்று பட்டால், காசு கொடுப்பதற்கு முந்தின நாள் படகைக் கடலில் இறக்கி, வழமையாக ஏற்றும் வலையின் பாரத்துக்கு மண் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, பின்புறம் அளவுக்கு மீறி அமிழ்கிறதா என்பதை அப்போதுதான் காணலாம். பின்னர் உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டு, அதே பாரத்துடன், மழை இல்லாத ஓர் இரவு துறையில் மிதக்க விடுங்கள். காலையில் உள்ளே நீர் நின்றால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்காவிட்டால் பனி. கரித்தால், கவிழ்த்தபோது நாம் காணாத வழி ஒன்று எங்கோ இருக்கிறது.

அந்த வழியைத் தேட என்னைப் போன்ற பட்டறைக்காரரிடம் படகைக் கொண்டு வருவதானால், தயவுசெய்து பெயின்ற் அடிக்காமல் கொண்டு வாருங்கள்.