ஒற்றை எண்ணில் மாட்டிய கணினி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1 முதல் 20 வரை அந்த எண்களை மட்டும் கணினியிடம் கொடுத்து, "புதுசா ஏதாவது கண்டுபிடி" என்றால் என்ன செய்யும்?

1990-களில் சைமன் கால்டன் உருவாக்கிய எச்.ஆர். என்ற நிரல் இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது. கணித மேதைகள் ஹார்டி, ராமானுஜன் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துதான் எச்.ஆர். (ராமானுஜன் பிறந்த ஈரோடு சேலத்துக்குப் பக்கத்து மாவட்டம்.) இந்த நிரலுக்குத் தேவை இரண்டு: 'எது எதை மீதியின்றி வகுக்கும்' போன்ற அடிப்படை உறவு, பழைய கருத்திலிருந்து புதியதைப் பிறப்பிக்கும் ஒரு சில விதிகள். காரணிகளை எண்ணச் சொன்னால் காரணி எண்ணிக்கை கிடைக்கும். எண்ணிக்கை சரியாக 2 என்று கட்டுப்படுத்தினால் பகா எண்கள் வந்துவிடும். அந்த எண்ணிக்கை, மூல எண்ணையே வகுக்க வேண்டும் என்றால்? 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 காரணிகள். 12-ஐ 6 வகுக்கும், தேறியது. 20-க்கும் 6 காரணிகள்தான், ஆனால் 20-ஐ 6 வகுக்காது. இருபதுக்குள் தேறுபவை 1, 2, 8, 9, 12, 18.

இப்படிப் பிறப்பிப்பது சுலபம். விதியை விதிமேல் போட்டுக்கொண்டே போனால் குப்பை மலைபோல் குவியும். கழிப்பதில்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு கருத்துக்கும் நிரல் மதிப்பெண் போடும். 'இரட்டைப்படைப் பகா எண்' என்பதில் 2 மட்டுமே இருக்கும், அதனால் மதிப்பெண் குறைவு. எல்லா எண்ணும் தேறினாலும் பயனில்லை. வரையறை நீண்டால் மதிப்பெண் வெட்டு.

அடுத்தது ஊகம். ஒரு பட்டியலில் இருப்பதெல்லாம் இன்னொன்றிலும் இருந்தால், நிரல் அதை ஊகமாக எழுதிக்கொள்ளும். ஆபத்து இங்கேதான். 100 வரை தேடினால் நம் வகை எண்கள் 16. அவற்றில் ஒற்றை எண்கள் 1, 9 மட்டும். 'ஒற்றையில் இவை இரண்டே' என்று கணினி அடித்துச் சொல்லும். 225-க்கு 9 காரணிகள், 225-ஐ 9 வகுக்கும். ஊகம் அங்கேயே உடைந்தது. தேடலை 1000 வரை நீட்டினால் 1, 9, 225, 441, 625 கிடைக்கின்றன. ஐந்துமே வர்க்க எண்கள்!

இந்த ஊகம் தாங்கும், நிரூபணமும் இரண்டு வரிதான். ஒற்றை எண்ணை வகுக்கும் எண் ஒற்றையாகவே இருக்கும்; ஆகவே காரணி எண்ணிக்கை ஒற்றை. காரணிகள் ஜோடி ஜோடியாக வருபவை. ஒன்று தனக்கே ஜோடியானால்தான் எண்ணிக்கை ஒற்றையாகும், அது வர்க்க எண்ணில் மட்டுமே நடக்கும். 'இரண்டே' என்ற ஊகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் கிடையாது, வெறும் எடுத்துக்காட்டுப் பஞ்சம்தான். இவ்வளவு சின்ன எல்லையில் ஓடும் நிரலை நம்பக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கணினி தந்ததைப் புதிது என்று அறிவிக்கும் முன், முழுஎண் தொடர்களின் இணையக் களஞ்சியத்தில் முதல் பத்து எண்களைத் தட்டிப் பார்ப்பது நல்லது. நம் தொடர் அங்கே ஏ033950. எச்.ஆர். அதைத் தானாகவே கண்டடைந்தது. ஆனால் கென்னடி, கூப்பர் என்ற இரு கணிதவியலாளர்கள் 1990-லேயே 'டௌ எண்கள்' என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள்.