டி-பாக்ஸ் அமினோ அமிலத்தைத் தொடுவதே இல்லை

இந்தப் பருவத்தில் திருத்த வந்த மூன்றாவது ஆய்வேடு இது. மூன்றிலும் ஒரே படம்: ஆர்என்ஏ மடிப்புக்குள் ஒரு குழி, அதற்குள் கிளைசின் என்ற அமினோ அமிலம் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, கீழே 'டி-பாக்ஸ்' என்று பெயர். டி-பாக்ஸ் என்பது சில பாக்டீரியா ஜீன்களின் முன்பகுதியில் இருந்து, அமினோ அமிலப் பட்டினியை உணர்ந்து அந்த ஜீனைத் திறந்துவிடும் ஆர்என்ஏ மடிப்பு; அதில் அப்படியொரு குழி கிடையாது. முதல் இரண்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனேன். இனி முடியாது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பேசில்லஸ் சப்டிலிஸில் கிளைசினையே நேரடியாகப் பிடிக்கும் ரைபோஸ்விட்ச் (ஜீனை இயக்கும் ஆர்என்ஏ மடிப்பு) ஒன்று உண்டு. கிளைசினுக்கான டி-பாக்ஸும் அதே பாக்டீரியாவில் உண்டு. பெயர் ஒட்டுவதால் ஆளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். டி-பாக்ஸ் பிடிப்பது டி-ஆர்என்ஏவை, அதாவது புரதம் கட்ட அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்என்ஏவை. அதன் ஆன்டிகோடான் என்ற மூன்றெழுத்தோடு, அதற்குப் பொருந்தும் தன் மூன்றெழுத்தான கோடானைச் சேர்த்து ஆளை அடையாளம் காணும், பிறகு அமிலம் ஏறும் முனையான சிசிஏ நுனியைத் தடவிப் பார்க்கும். நுனி வெறுமையாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும்; படியெடுப்பை நிறுத்தும் மடிப்பு உருவாகாது, ஜீனை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி ஜீனுக்குள் போகும். அமிலம் ஏறியிருந்தால் நுனி சேராது, படியெடுப்பு அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான். அமிலம் இங்கே சாவி இல்லை, இடைஞ்சல்.

நம்பவில்லையா? 1993இல் ஃபிராங்க் கிரண்டியும் டீனா ஹென்கினும் டைரோசினை அதன் டி-ஆர்என்ஏவில் ஏற்றும் நொதியின் ஜீனுக்கு முன்பகுதியில் இருந்த, டைரோசினைக் குறிக்கும் யுஏசி கோடானை, ஃபினைல்அலனினைக் குறிக்கும் யுயுசி என்று மாற்றினார்கள். ஒரே ஓர் எழுத்து. டைரோசின் பட்டினிக்கு விழித்துக்கொண்டிருந்த ஜீன், ஃபினைல்அலனின் பட்டினிக்கு விழித்தது. டைரோசினுக்கென்று குழி இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? இன்னொன்று: டி-ஆர்என்ஏவின் நுனியில் ஒரு நியூக்ளியோடைடைக் கூடுதலாக ஒட்டினாலே, அமிலம் ஏறியது போல டி-பாக்ஸ் அதை ஒதுக்கிவிடுகிறது. அங்கே அமிலமே கிடையாது!

இதைப் புரிந்துகொள்ளாததால் சோதனையும் கெடுகிறது, படம் மட்டுமல்ல. சோதனைக்குழாயில் டி-ஆர்என்ஏ செய்யப் பயன்படும் டி7 பாலிமரேஸுக்கு, இழையின் முடிவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்கும் பழக்கம் உண்டு. அந்த வாலோடு டி-ஆர்என்ஏவைப் போட்டுவிட்டு, "டி-பாக்ஸ் வேலை செய்யவில்லை சார்" என்று மூன்று மாதம் கழித்து வந்து நிற்கிறார்கள். வார்ப்பாக வைக்கும் டிஎன்ஏ இழையின் 5′ முனையில் இரண்டு மெத்தாக்ஸி நியூக்ளியோடைடுகளை வைத்தால் வால் பெரும்பாலும் வராது. வைத்தாலும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

டி-ஆர்என்ஏவைச் செல்லிலிருந்து எடுப்பவர்களுக்கு வேறு தொல்லை. அமிலத்தையும் டி-ஆர்என்ஏவையும் பிணைப்பது எஸ்டர் பிணைப்பு, காரத்தில் அறுந்துவிடும். பிஎச் 8 டிரிஸ் கரைசலில் மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ஊட்டமாக வளர்ந்த செல்லும் பட்டினி கிடந்ததாகத் தெரியும். அசிடேட் கரைசல், பிஎச் 5 பக்கம், பனிக்கட்டியின் மேல்தான் வைக்க வேண்டும். ஜெல்லும் அமில ஜெல்தான். இதில் பேரம் கிடையாது.

அப்புறம், ஈ. கோலை பாக்டீரியாவில் டி-பாக்ஸைத் தேடி யாரும் நாளைக் கழிக்காதீர்கள். அதனிடம் இல்லை. அங்கே டிரிப்டோபான் பட்டினியை உணர்வது, டிரிப்டோபான் ஜீன்களுக்கு முன்னால் வரும் குட்டிப் புரதமான முன்னோடிப் பெப்டைடின் அடுத்தடுத்த இரண்டு டிரிப்டோபான் கோடான்களில் திணறி நிற்கும் ரைபோசோம், அதாவது புரதம் கட்டும் இயந்திரம். டி-பாக்ஸ் பெரும்பாலும் கிராம்-பாசிட்டிவ் வகை பாக்டீரியாக்களின் சொத்து; ஈ. கோலை அந்த வகை இல்லை. அந்த மூன்றாவது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் ஈ. கோலையைப் பற்றியது. இன்னும் படிக்கவில்லை, பயமாக இருக்கிறது.