அப்பா பேச வேண்டிய இடத்தில் அதிகாரி பேசினால்

2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' என்று பெயரிட்ட புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடும்பப் படத்துக்குள் பிரசாரம் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, இதை வைத்து ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா வைத்த பலாமரம் விழுந்து கிடக்கிறது. தோப்பை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விடலாம் என்கிறான் மகன். அப்பா பதில் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கிளை கழிக்கிறார். அன்று ராத்திரி அம்மா அப்பாவுக்குத் திண்ணையிலும் மகனுக்கு அடுப்படியிலும் சோறு போடுகிறார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பார்க்கிற நம் மனம் சும்மா இருப்பதில்லை. அப்பாவுக்குள் என்ன ஓடுகிறது என்பதை அதுவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. குடும்பப் படத்துக்கு உயிரே இதுதான். அப்பா சொல்வதும் சரி, மகன் சொல்வதும் சரி என்று நாம் தவிக்க வேண்டும்.

சரி, அடுத்த காட்சி. ஜீப் வந்து நிற்கிறது. அதிகாரி இறங்கி, அரசின் நிவாரணத் திட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறார். அப்பா கும்பிடுகிறார். மகன் ஊரிலேயே தங்கிவிடுகிறான்.

கதையில் ஆழ்ந்திருப்பவரிடம் மறுத்துப் பேசும் புத்தி அடங்கியிருக்கும் என்று மெலனி கிரீன், டிமோதி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000இல் எழுதினார்கள். அதிகாரியின் பேச்சு அந்தப் புத்தியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. 'இப்படித்தான் நினைக்க வேண்டும்' என்று யாராவது நெருக்கினால் மனம் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். இதை உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இலேயே விளக்கினார்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. சேதம் பின்னோக்கியும் போகிறது. அம்மா தனித்தனியாகச் சோறு போட்டாரே, நெஞ்சை அடைத்த அந்தக் காட்சி, இப்போது இந்தப் பேச்சுக்காகப் போட்ட தூண்டில் மாதிரி தெரிகிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருந்த சிக்கல் தோப்பின் விலை பற்றியது அல்லவே! வெளியிலிருந்து வந்த ஒருவர் எப்படி அதைத் தீர்த்துவைக்க முடியும்?

இவ்வளவு கெடுத்தும் பிரசாரத்துக்கு என்ன லாபம்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குப் பிரசாரப் படங்களைப் போட்டுக் காட்டியது. உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டின் குழு அவற்றின் விளைவைச் சோதித்து 1949இல் நூலாக வெளியிட்டது. படத்தில் வந்த தகவல்கள் வீரர்களின் நினைவில் நின்றன. போரிடும் ஊக்கம் மட்டும் பெரிதாக ஏறவில்லை.

நிவாரணம் படத்தில் வரவே கூடாது என்பதல்ல. அப்பா வரிசையில் நிற்கட்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்று அங்கே தெரியவரட்டும். "எத்தனை தடவை மாத்தச் சொன்னேன்" என்று மகன் வெடிக்கட்டும். அன்று ராத்திரி அம்மா எங்கே சோறு போடுகிறார் என்று பார்க்க நான் கடைசிவரை உட்கார்ந்திருப்பேன்.