வைக்கீகி கடற்கரையில் தேய்பிறை அஷ்டமி

“ஹவாய்க்குப் போகிறோம். ஹொனலுலுவின் வைக்கீகி கடற்கரையில் குளிக்க எந்த நாள் தோது என்று விசாரித்தால், பௌர்ணமி கழிந்து எட்டு, ஒன்பது, பத்தாம் நாள்களில் இறங்க வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவிலும் அஷ்டமி, நவமி பார்க்க ஆரம்பித்துவிட்டார்களா?” வாசகி ஒருவரின் கேள்வி இது.

பார்க்கத்தான் செய்கிறார்கள். ஓவாஹு தீவின் தென்கரையில், கடலை ஒட்டிப் போகும் கலகாவா அவென்யூ நடைபாதையில் டைமண்ட் ஹெட் குன்றை நோக்கி நடந்தால் வைக்கீகி மீன் காட்சியகம் வரும். 1904-இல் தொடங்கியது. குளிப்பவர்களைக் கொட்டும் பெட்டி ஜெல்லி மீன்கள் கரைக்கு வரும் நாள்களைக் குறித்து அவர்கள் ஒரு நாள்காட்டியே வெளியிடுகிறார்கள். அந்த நாள்களில் உயிர்காப்பாளர்கள் மணலில் எச்சரிக்கைப் பலகை நடுவார்கள். கிழக்கே உள்ள ஹனாவுமா விரிகுடாவைச் சில சமயம் மூடியும்விடுவதுண்டு.

வருவது அலாட்டினா அலாட்டா என்ற இனம். நம் கரையில் ஒதுங்கும் குடை வடிவ ஜெல்லி மீன் அலையின் போக்கில் மிதப்பது. இது அப்படியல்ல, தானே திசை பிடித்து நீந்தும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நாற்பக்க உடல், மூலைக்கு ஒன்றாக நான்கு உணர்கொம்புகள். உடலின் நான்கு பக்கங்களிலும் ஆறு ஆறாக மொத்தம் 24 கண்கள். அவற்றில் எட்டுக்கு லென்ஸும் விழித்திரையும் உண்டு. தனியாக ஒரு மூளை மட்டும் கிடையாது. மாதத்தின் பெரும்பகுதி இவை கரைக்கு அப்பால் ஆழமான நீரில் இருக்கும். தேய்பிறை எட்டாம் நாள் வாக்கில் இனப்பெருக்கத்துக்காகக் கரையோரம் திரளும். ஆண்கள் விந்தணுவை நீரில் விட, பெண்கள் அதை உள்வாங்கிக் கருவுற்று, பிறகு கருக்களைக் கடலில் விடுகின்றன. இரவில் தொடங்கி விடிவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் வேலை. இரண்டு மூன்று நாளில் கூட்டம் கரைந்துவிடும்.

ஏன் அந்த நாள்கள்? உடனே தோன்றும் பதில் கடலின் ஏற்ற இறக்கம். அரை நிலா நாள்களில் சூரியனும் நிலவும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பது பள்ளிப் பாடம். நீரோட்டமும் தளர்ந்திருக்கும், விந்தணு சிதறிப்போகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்பிறை அஷ்டமியிலும் அதே அரை நிலாதான், அதே தளர்ந்த நீரோட்டம்தான். அன்று இந்தத் திரள் வருவதில்லை. ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பும் உயிரி மாதம் இரண்டு முறை வந்திருக்க வேண்டும்.

இரண்டு அஷ்டமிகளையும் பிரிப்பது நிலா வானில் இருக்கும் வேளை. பௌர்ணமியன்று சூரியன் மறைய நிலா எழும். அதன் பிறகு நிலா எழுவது நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். எட்டாம் நாளில் சேர்ந்த தாமதம் 400 நிமிடம், அதாவது ஆறு மணி நாற்பது நிமிடம். மாலை ஆறில் தொடங்கிக் கணக்கிட்டால் நிலா எழுவது நள்ளிரவு தாண்டி 12.40 வாக்கில். பத்தாம் நாளில் 2.20 ஆகிவிடும். அதுவரை வானம் முழு இருட்டு. வளர்பிறை அஷ்டமியிலோ சூரியன் மறையும்போதே நிலா உச்சியில் நிற்கும். நள்ளிரவுக்குப் பிறகுதான் மறையும். ஒன்றில் முன்னிரவு இருட்டு, மற்றதில் பின்னிரவு இருட்டு. சூரியன் மறைந்ததிலிருந்து நிலா எழும்வரை நீளும் இந்த இருட்டு இடைவெளி பௌர்ணமி கழிந்துதான் தொடங்கும், ஒவ்வோர் இரவும் சராசரியாக 50 நிமிடம் வளரும். கண்ணிருக்கும் எந்த உயிரிக்கும் இதைவிடத் துல்லியமான மாதக் கடிகாரம் கடலில் கிடைக்காது. எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே இதுதான்: நிலவின் வடிவத்தையோ வெளிச்சத்தின் அளவையோ பார்க்க வேண்டியதில்லை, இருட்டின் நீளம் போதும்.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குப் பவளப்பூச்சிகள் சாட்சி. 2021-இல் தைவான் ஆய்வாளர்கள் ஒரு பவள இனத்தைச் செயற்கையாக இருட்டிலும் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்து, சூரியன் மறைந்து நிலா எழும்வரையிலான அந்த இருட்டே முட்டை, விந்து வெளியிடும் நாளைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். பவளம் தொட்டியில் வைத்தால் இருந்த இடத்தில் இருக்கும். ஆழ்நீரிலிருந்து நீந்தி வரும் பெட்டி ஜெல்லியை வைத்து அதே சோதனையைச் செய்வது பெரும்பாடு. அதனால் அதன் கடிகாரத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஹவாய் மக்களுக்கும் நம் திதி போலவே முப்பது இரவுகளுக்கு முப்பது பெயர் உண்டு. அரை நிலாவை ஒட்டி வரும் ஓலே என்ற இரவுகள் மீன்பிடிக்கவும் நடவுக்கும் ஆகாதவை என்பது மரபு. “பார்த்தீர்களா, முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது” என்று உடனே வாட்ஸ்அப் செய்தி எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் ஓலே இரவுகள் வளர்பிறையிலும் வருகின்றன, தேய்பிறையிலும் வருகின்றன. நம் அஷ்டமி விலக்கும் இரண்டுக்கும் பொது. ஜெல்லி மீன் வருவதோ ஒன்றில் மட்டும். இரண்டு பட்டியல்கள் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மீன் காட்சியகத்தின் நாள்காட்டியை மாதாமாதம் விடியற்காலையில் மணலில் எண்ணிச் சரிபார்க்கிறார்கள் என்பதே வித்தியாசம்.

அந்த எண்ணிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1998 முதல் 2011 வரை, 14 ஆண்டுகள், வைக்கீகியில் ஒதுங்கிய பெட்டி ஜெல்லிகளை மாதந்தோறும் எண்ணி வைத்தார்கள். எண்ணிக்கை சில ஆண்டுகள் ஏறியது, சில ஆண்டுகள் இறங்கியது. மொத்தத்தில் பெருகவில்லை. வெளிக்கடலில் மிதவை உயிரிகள் கூடுதலாக இருந்த காலங்களில் இவையும் கூடின. “ஜெல்லி மீன்கள் உலகைப் பிடிக்கின்றன” என்ற தலைப்புச் செய்திகளுக்கு நடுவே இப்படி ஒரு நிதானமான முடிவைச் சொல்ல நீண்டகால எண்ணிக்கை வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர்ப் பாதையில் ஜெல்லி மீன் திரள் வந்து அடைப்பது நமக்குப் பழைய தலைவலி. மூன்று ஆண்டுத் திட்ட நிதியில் இதற்கெல்லாம் விடை கிடைக்காது. ஒரு வாளி, ஒரு நோட்டுப் புத்தகம், பதினைந்து வருடச் சம்பளம் என்று கேட்டால் எந்தக் குழு ஒப்புதல் தரும்?

கொட்டினால் என்ன செய்வது என்பது கொட்டும் விதத்திலேயே இருக்கிறது. உணர்கொம்பின் ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு, அதற்குள் சுருண்ட வெற்றுக் குழல். சவ்வூடு பரவலால் நீர் உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். உறவு உயிரியான ஹைட்ராவில் அளந்தபோது அது சுமார் 150 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். தொடுகையும் தோலின் வேதிப்பொருளும் சேர்ந்ததும் மூடி திறந்து, ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் குழல் தோலைத் துளைக்கும். உணர்கொம்பு அறுந்தாலும், உயிரி செத்தாலும் கூடு வேலை செய்யும்.

தோலில் ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி வெடிக்காத கூடுகள். மணலால் தேய்த்தால், அட்டையால் சுரண்டினால் அந்த அழுத்தத்திலேயே மிச்சமும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்புச் சமநிலை குலைந்து அதே கதை. சிறுநீர் வைத்தியத்தை மறந்துவிடலாம். சமையலறை வினிகரை, நான்கிலிருந்து ஆறு சதவீத அசிட்டிக் அமிலம் உள்ளதை, குறைந்தது அரை நிமிடம் தாராளமாக ஊற்ற வேண்டும். பெட்டி ஜெல்லியின் வெடிக்காத கூடுகளை அது செயலிழக்கச் செய்யும். பிறகு இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஏற்கனவே உள்ளே போன நஞ்சை வினிகர் தொடாது. அதற்குச் சூடு வேண்டும், ஏனென்றால் நஞ்சு புரதத்தால் ஆனது. 45 டிகிரி வெந்நீரில் 20 முதல் 40 நிமிடம் வைத்தால் வலி இறங்கும். கொட்டாத கையால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள், கொட்டிய இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஐஸ் வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டி முதுகு இழுப்பது ஆகியவை தெரிந்தால் 911.

நாள் கணக்கில் ஒரு சிக்கல் வரும். ஹொனலுலு இந்திய நேரத்துக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் புதன் காலை ஒன்பது மணி என்றால் அங்கே செவ்வாய் மாலை ஐந்தரை. வீட்டு நாள்காட்டியின் பௌர்ணமியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு நாள் பிசகலாம். உள்ளூர் நாள்காட்டியையே பாருங்கள். பத்தோடு முடித்துக்கொள்ளாமல் பன்னிரண்டாம் நாள் வரை பலகை இருக்கிறதா என்று கவனியுங்கள், சில மாதம் இழுத்துக்கொண்டு போகும். நடைபாதையில் உலாவ எந்த நாளும் தடையில்லை, ஈரமணலில் மட்டும் செருப்போடு நடப்பது நல்லது.

இந்தக் கணக்கு போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று அழைக்கப்படும் நீலப் பை உயிரிக்குப் பொருந்தாது. அதற்குத் தேதி கிடையாது. நீருக்கு மேலே நிற்கும் காற்றுப் பையைப் பாய்போல் வைத்துக்கொண்டு, வடகிழக்கு வணிகக் காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கும். அதனால் கைலுவா, வைமானாலோ போன்ற கிழக்குக் கரைகளில் அதிகம்.