மேயில் காயாமல், நவம்பரில் அழுகாமல்

தோட்டக்கலை பற்றிய ஆங்கிலப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ‘ஹார்டி’ என்ற சொல் கண்ணில் படும். தாக்குப்பிடிக்கும் செடி என்று பொருள். எதைத் தாக்குப்பிடிக்க வேண்டும்? அந்தப் புத்தகங்களைப் பொறுத்தவரை குளிரை. அமெரிக்க வேளாண்மைத் துறை தன் நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் எந்த ஊரில் வெப்பம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டும் வைத்துப் போட்ட படம் அது. சென்னைக்காரருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மார்கழி இரவில் நம் செடி உறைந்து சாகப்போவதில்லை.

நம் செடிக்கு ஆண்டில் இரண்டு கண்டம். முதலாவது அக்னி நட்சத்திரம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது. அடுத்தது ஐப்பசி, கார்த்திகை. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். வெயிலுக்கு அசராத செடிகள் பல, தண்ணீர் தேங்கினால் சில நாளில் அழுகிப்போகும்.

என் வீட்டு நித்தியகல்யாணி அப்படித்தான் போனது. காம்பவுண்டுச் சுவரின் விரிசலில் தானாக முளைத்த செடி, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் சித்திரையிலும் பூத்துக்கொண்டிருந்தது. அதன் நாற்றுகளைத் தொட்டியில் வைத்து, ஆசையாக இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். தண்டு அடியில் கறுத்தது, இலை தொங்கியது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். கதை முடிந்தது.

நடந்தது இதுதான். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் வந்து சேர்வது பல ஆயிரம் மடங்கு மெதுவாகிவிடும். போதாக்குறைக்கு, பைட்டாப்தோரா போன்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரிகளின் வித்துகளுக்கு வால் உண்டு. ஈர மண்ணில் நீந்தி வந்து, மூச்சுத் திணறும் வேரைப் பிடித்துக்கொள்ளும். வேர் செத்தபின் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது. அதனால்தான் தண்ணீர் அதிகமான செடியும் தாகத்தில் வாடிய செடி மாதிரியே தொங்குகிறது.

சரி, வெயிலுக்கு வருவோம். இதில் கெட்டிக்காரச் செடி என்றால் டேபிள் ரோஸ், அதாவது பத்துமணிப் பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மொட்டைமாடிகளில் குடியேறிவிட்டது. வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் சுருங்கும். விரிந்த பூவின் மகரந்தக் காம்புகளை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கமாக நகர்ந்து சாயும். தேனீ வந்து உட்கார்ந்தால் அதன் உடம்பில் மகரந்தம் பூசுவதற்கான ஏற்பாடு. குழந்தைகளுக்குக் காட்டினால் அப்புறம் அவர்களை அந்தத் தொட்டியிலிருந்து நகர்த்துவது கஷ்டம்.

அசல் வித்தை இலைக்குள் நடக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகும். மூடிக்கொண்டாலோ பட்டினி. இன்னொரு சிக்கலும் உண்டு. வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு ஏற ஏற ஆளை மாற்றி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வேலையை வீணாக்கும். பத்துமணிச் செடி இரண்டையும் சமாளிக்கிறது. வேறொரு நொதியை வைத்துக் கரியமில வாயுவை முதலில் பிடித்து, ரூபிஸ்கோ இருக்கும் உள்ளறைக்குள் அடர்த்தியாக அனுப்பிவிடுகிறது. சோளமும் கரும்பும் செய்கிற அதே முறை. மண் நன்றாகக் காய்ந்துவிட்டால், கள்ளிச்செடியின் முறையும் கூடவே சேர்ந்துகொள்கிறது. இரவில் வாயுவைப் பிடித்து அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதை எடுத்துச் செலவழிக்கும்.

இந்த இரண்டு முறைகளையும் சேர்த்து வைத்திருக்கிற செடிகள் மிகக் குறைவு. பத்துமணிப் பூவின் நெருங்கிய உறவான பருப்புக்கீரை அவற்றில் ஒன்று. இரண்டும் அதன் இலையில் ஒரே செல்லுக்குள் இணைந்து நடப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். நாக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். சில நாள் தண்ணீர் காட்டாத பருப்புக்கீரையை விடியற்காலையில் மென்றால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் குறைந்திருக்கும். இரவு முழுக்கச் சேர்ந்த மாலிக் அமிலம் பகலில் செலவாகிவிட்டது.

ஆனால் பத்துமணிச் செடி மே மாதத்துக்குத்தான் வீரன். அடைமழையில் சதைத் தண்டு குழைந்துவிடும். மழைக்கு முன் நாலு கிளையைக் கிள்ளி, கூரைக்கு அடியில் ஒரு தொட்டியில் செருகி வைப்பது நல்லது.

இரண்டு கண்டத்தையும் தாண்டுகிற பூச்செடி என்றால் அரளிதான். நான்குவழிச் சாலைகளின் நடுவே அனலிலும் லாரிப் புகையிலும் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இலையின் மேல்தோல் தோல்பை போல் தடித்தது, மெழுகு பூசியது. அடிப்புறத்தை நல்ல லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. குழிக்குள் மயிர்கள் வேறு. அனல் காற்று நேராகத் துளையைத் தொடாது, உள்ளே ஈரம் தங்கும். அதே அரளி இயற்கையில் வளர்வது ஆற்றுப் படுகைகளின் ஓரத்தில். பாதி வருடம் வறட்சி, திடீரென்று வெள்ளம் என்பது அதற்குப் பழகிப்போன வாழ்க்கை. எல்லாப் பாகமும் விஷம் என்பதால் ஆடுமாடு கடிக்காது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வைக்க வேண்டாம் என்பேன்.

தரையை மூட என்ன போடலாம்? என் ஓட்டு பொடுதலைக்கு. பொடுகுக்குத் தைலம் காய்ச்சுகிறோமே, அதேதான். குளக்கரையிலும் வயல் வரப்பிலும் படர்வது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் என்பதுதான் இதன் பலம். கொடியில் ஒரு துண்டு காய்ந்தாலும் அழுகினாலும், பக்கத்துக் கணு தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். மேயில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். பொடுதலை படர்ந்த மண்ணில் கை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். திப்பிலி மாதிரிச் சின்னக் கொண்டை, அதைச் சுற்றி வெள்ளைப் பூ. கண்காட்சிக்கு வைக்கிற பூ இல்லைதான், ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடி வரும். கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களுக்கு அடப்பங்கொடி இதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்யும்.

நர்சரியில் மஞ்சள் பூவோடு வெடிலியாவைக் காட்டி, இது சாகவே சாகாது என்பார்கள். உண்மைதான், அதுதான் பிரச்சினை. அதுவும் கணுவுக்குக் கணு வேர் விடும், ஆனால் பிற செடிகளுக்கு இடமே விடாது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வெடிலியா இருக்கிறது. முதுமலைக் காட்டை மொய்த்திருக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான். அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி அது.

வாங்குவதற்கு ஆடி, ஆவணி நல்ல நேரம். அடைமழைக்குள் வேர் பரவியிருக்கும், அடுத்த சித்திரைக்குள் ஆழம் போயிருக்கும். நர்சரியில் பூவைப் பார்த்து எடுக்காதீர்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, கறுப்புக் கவரை மெல்லக் கழற்றி அடியைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் எடுக்கலாம். பழுப்பாகி, விரலில் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால், அது நர்சரியிலேயே நவம்பரைப் பார்த்துவிட்ட செடி.