மணத்தோழிக்கு வேலை உண்டு

கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 ஆண்டுகளாகக் கிறிஸ்தவ மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்துவருகிறேன். தோழிகளுக்கு என்ன நிறத்தில் கவுன் எடுப்பது என்பதைப் பல நாள் பேசும் வீடுகள், தோழியாக யாரை நிறுத்துவது என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோவிலில், பீச் நிறக் கவுனில் மூன்று தோழிகள் பின்னால் நிற்க, பிரசங்கத்தின் நடுவே மணப்பெண் தள்ளாடிச் சாய்ந்தாள். மூவரும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். முந்தின நாள் மாலைதான் அவளை முதன்முதலாகப் பார்த்தவர்கள். காலையிலிருந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் வரிசையிலிருந்து அத்தை ஓடிவந்துதான் தாங்கிப் பிடித்தார்.

தீய ஆவிகளை ஏமாற்றவே ரோமர்கள் தோழிகளுக்கு மணப்பெண்ணைப் போல உடுத்தினார்கள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் அதை நம்புவதில்லை. ரோமரின் கன்ஃபாரியாஷியோ என்ற திருமண முறைக்குப் 10 சாட்சிகள் வேண்டும் என்பதும், ஒருமுறை மட்டுமே மணமான 'புரோனுபா' என்ற பெண் மணமக்களின் வலக்கைகளைச் சேர்த்து வைத்தார் என்பதும் உறுதியானவை. வேதாகமத்தில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகளுக்கோ, தீவட்டி ஏந்தி மணவாளனை எதிர்கொள்ளும் பொறுப்பு இருந்தது. எண்ணெய் கொண்டுபோகாத ஐவரும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணிக்குப் பின்னால் வெள்ளையுடுத்தி வந்த 12 பெண்களும் அவருடைய ஆடையின் நீண்ட பின்தொங்கலைத் தாங்கி நடந்தவர்களே.

நம் கோவில்களில் மோதிரம் மாற்றும்போது பூச்செண்டை வாங்கிக்கொள்பவரும், தாலி கட்டும்போது மணப்பெண்ணின் தலையில் போடும் மெல்லிய வலைத்துணியான 'நெட்'டைத் தூக்கிச் சடையை ஒதுக்கிப் பிடிப்பவரும் தோழிதான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, குருவானவர் நடத்தும் திருமணத்துக்கு அவரைத் தவிரக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். பல இடங்களில் அந்தக் கையெழுத்தும் தோழியுடையதாக இருக்கிறது.

ஆகவே, மணப்பெண் பதற்றத்தில் எப்படி இருப்பாள், எதைச் சாப்பிடுவாள் என்று அறிந்த தங்கையையோ நெருங்கிய சிநேகிதியையோ நிறுத்துங்கள். முந்தின நாள் இரவே தோழியை அழைத்து, ஊசி கழன்றுவிடாமல் நெட்டைத் தூக்க இரண்டு முறையாவது பழக்குகிறேன். அவள் கைப்பையில் நான்கு ஊக்குகளும் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் வைத்துத்தான் அனுப்புகிறேன்.